கொள்ளை நோயின் வழியறிந்த வஸீர்
லிஸானுத்தீன் இப்னுல் கதீப்

அந்தலூஸ் என்று அரபு மக்கள் அழைத்த ஸ்பெயின் மண்ணில் கி.பி. 711 முதல் 1492 வரை இஸ்லாமிய ஆட்சி நிலவியது. கொர்தோபாவும் ஸெவில்லும் கைநழுவிப் போன பின்னர், கடைசி இரண்டரை நூற்றாண்டுக் காலம் அந்த ஆட்சியின் விளக்கு கிரனாடா என்னும் ஒரே ஒரு சிற்றரசில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உலகம் இன்றளவும் வியந்து போற்றும் அல்ஹம்ரா மாளிகை அந்தக் கிரனாடாவின் குன்றின் மீதுதான் அமைந்திருக்கிறது. அம்மாளிகையில் அமர்ந்து அரசு காரியங்களை நடத்திய வஸீர் ஒருவருக்கு வரலாறு இரண்டு விந்தையான பட்டங்களைச் சூட்டியுள்ளது. ஒன்று, இரண்டு ஆயுள் உடையவர் என்பது. மற்றொன்று, இரண்டு கபுரு உடையவர் என்பது.

அவரே லிஸானுத்தீன் இப்னுல் கதீப் ஆவார். லிஸானுத்தீன் என்றால் மார்க்கத்தின் நாவு என்று பொருள். அவருக்கு உறக்கமின்மை என்னும் நோய் இருந்தது. பகலில் அரசுப் பணி, இரவில் நூல் எழுதும் பணி என்று ஒரே வாழ்நாளில் இரு வாழ்நாளின் வேலையை அவர் செய்து முடித்தார். முதல் பட்டம் அதனால் வந்தது. இரண்டாவது பட்டம் வந்த கதை நெஞ்சை உருக்குவது. அதைப் பின்னர் காண்போம்.

கவிஞர், வரலாற்றாசிரியர், அரசியல் வல்லுநர் என்று அவரைப் பலர் அறிவர். ஆனால் ஒரு மனிதனிடமிருந்து மற்றொரு மனிதனுக்கு நோய் எவ்வழியில் செல்கிறது என்பதைக் கண்ணால் கண்டு, கருத்தால் ஆய்ந்து, மார்க்கத்தின் எல்லைக்குள் நின்று துணிந்து எழுதியவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. நம் காலத்தில் ஒரு பெருந்தொற்றைக் கண்டு மீண்டிருக்கும் நமக்கு அவ்வரலாறு மிகவும் தேவையானது.

பிறப்பும் கல்வியும்

கி.பி. 1313ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஹிஜ்ரி 713 ரஜபில், கிரனாடாவுக்கு அருகேயுள்ள லோஜா என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவர்தம் முன்னோர் கொர்தோபாவிலும் பின்னர் துலைத்துலாவிலும் வாழ்ந்து, இறுதியில் லோஜாவில் குடியேறியவர்கள். அங்கே முன்னோர் ஒருவர் கதீபாக இருந்து குத்பா ஓதி வந்ததால், அக்குடும்பத்தினருக்கு இப்னுல் கதீப் என்ற பெயர் நிலைத்தது.

தந்தையார் அப்துல்லாஹ் கிரனாடா அரசவையில் பணி ஏற்றதால், மகனின் கல்வி தலைநகரிலேயே நடைபெற்றது. குர்ஆன் விரிவுரை, ஃபிக்ஹு, அரபு இலக்கணம், இலக்கியம் ஆகியவற்றை அந்நாளைய பெரியோர்களிடம் ஓதினார். மருத்துவத்தையும் தத்துவத்தையும் யஹ்யா இப்னு ஹுதைல் என்னும் அறிஞரிடம் பயின்றார். மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பாத காலம் அது. ஒரே மாணவர் காலையில் ஹதீஸ் கேட்பார். மாலையில் நாடி பார்க்கக் கற்பார்.

1340ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், தரீஃபா நகருக்கு அருகே ஸலாதோ ஆற்றங்கரையில் பெரும் போர் நடந்தது. மொரோக்கோவின் மரீனிய சுல்தானும் கிரனாடா மன்னரும் ஒருபுறம் நிற்க, காஸ்திலிய மன்னரும் போர்ச்சுக்கல் மன்னரும் மறுபுறம் நின்றனர். முஸ்லிம்களின் படை தோற்றது. அப்போரில் இப்னுல் கதீபின் தந்தையாரும் மூத்த சகோதரரும் ஒரே நாளில் ஷஹீதானார்கள். அப்போது அவருக்கு 27 வயதும் நிறையவில்லை. தந்தை அமர்ந்திருந்த அரசவைக்கு மகன் அழைக்கப்பட்டார். முதலாம் யூஸுஃப் மன்னரின் வஸீராகவும் கவிஞராகவும் விளங்கிய இப்னுல் ஜய்யாபின் கீழ் அவர் அரசுச் செயலராக அமர்ந்தார்.

நகரங்களைக் காலியாக்கிய நோய்

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1347ஆம் ஆண்டு கருங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஸிஸிலித் தீவுக்கு ஒரு கொள்ளை நோயைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு அலெக்ஸாந்திரியாவிலும் அது இறங்கியது. 1348இல் டமாஸ்கஸ், தூனிஸ், அந்தலூஸ் என்று மத்தியதரைக் கடலின் எல்லாக் கரைகளையும் அது தொட்டுவிட்டது. அரபியில் தாஊன் என்றும், நம் வழக்கில் பிளேக் என்றும் கூறப்படும் நோய் அதுவே.

அந்நோய் அறிஞர் என்றும் அரசர் என்றும் பார்க்கவில்லை. வரலாற்று மேதை இப்னு கல்தூன் தூனிஸில் தம் பெற்றோர் இருவரையும் அதில் இழந்தார். உலகப் பயணி இப்னு பதூதா நம் மதுரை மாநகரிலும் ஒரு கொள்ளை நோயைக் கண்டு எழுதியவர். அவர் நெடும் பயணத்தை முடித்துத் தாயகம் திரும்பியபோது, அவருடைய அன்னையார் இந்தப் பிளேக்கினால் இறந்துவிட்டிருந்தார். ஜிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்த காஸ்திலிய மன்னர் பதினோராம் அல்ஃபோன்ஸோ 1350இல் தம் பாசறையிலேயே அதற்குப் பலியானார். கிரனாடாவின் இப்னுல் ஜய்யாபும் 1349ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாண்டார்.

இப்னுல் ஜய்யாபின் இடத்தில் அமரும்படி மன்னர் யூஸுஃப் இப்னுல் கதீபைப் பணித்தார். ஆசானின் ஜனாஸா சென்ற வழியே மாணவரின் பதவி வந்தது. தந்தையைப் போர் பறித்தது. ஆசானை நோய் பறித்தது. போருக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நோய்க்குக் காரணம் என்ன? அது எங்கிருந்து வருகிறது? எப்படி வீட்டுக்குள் நுழைகிறது? மருத்துவம் கற்ற அந்த வஸீரின் உள்ளத்தில் இக்கேள்விகள் எழுந்தன.

அல்மரிய்யாவில் ஒரு சாட்சி

இக்கேள்விகளைக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். கிரனாடா அரசைச் சேர்ந்த அல்மரிய்யா என்னும் துறைமுக நகரில் இப்னு காதிமா என்ற மருத்துவர் வாழ்ந்தார். அவரும் கவிஞரே. 1348ஆம் ஆண்டு ஜூன் மாதம் நோய் அந்நகரில் புகுந்தது. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியில் அது முதலில் தலைகாட்டிற்று. நோய் உச்சத்தை அடைந்தபோது அந்நகரில் நாளொன்றுக்கு 70 பேர் வரை இறந்தனர். இப்னு காதிமா ஓடிவிடாமல் அங்கேயே தங்கி, நோயாளிகளைப் பார்த்து, தாம் கண்டதை ஒரு நூலாக எழுதினார்.

நோய் ஒரே முகத்துடன் வரவில்லை என்பதை அவர் கண்டார். சிலருக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியது. அவர்களுள் பிழைத்தோரும் உண்டு. சிலருக்கு இருமலோடு இரத்தம் வந்தது. இரத்தம் துப்பியவர் பிழைப்பது மிக அரிதாயிற்று. நோயாளியின் மூச்சே அருகிலிருப்போருக்கு நோயைக் கொடுக்கிறது என்றும், அவர் உடுத்த ஆடையும் படுத்த படுக்கையும் நோயைச் சுமக்கின்றன என்றும் அவர் குறித்துவைத்தார். இறந்தோரின் துணிகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட பழந்துணிச் சந்தையில் இருந்தோர் ஏறத்தாழ எல்லோரும் மாண்டு போனதை அவர் தம் கண்ணால் கண்டார்.

இப்னுல் கதீபின் நூல்

இப்னுல் கதீப் இந்நோயைக் குறித்துத் தனியாக ஒரு சிறு நூல் எழுதினார். அச்சமூட்டும் அந்நோயைப் பற்றிக் கேட்போருக்கு நிறைவான விடை என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். நோய் ஒரு நஞ்சு என்பது அவர் கொள்கை. அந்நஞ்சு உடலின் உயிர்நிலையை அடைந்து, நரம்புகளில் ஓடி, இரத்தத்தைக் கெடுத்து, காய்ச்சலையும் இரத்தம் துப்புதலையும் நெறிக்கட்டிகளையும் உண்டாக்குகிறது என்று விளக்கினார். காற்றின் கேடும் ஒரு காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பியதை அவரும் ஏற்றிருந்தார். ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. காற்று எல்லோருக்கும் பொது. அப்படியிருக்க ஒரு வீட்டார் மாள்வதும், அடுத்த வீட்டார் தப்புவதும் ஏன்?

இதற்கு விடையாக, தொற்று என்பது உண்மை என்று அவர் உறுதிபடக் கூறினார். நீண்ட அனுபவம், ஆராய்ச்சி, ஐம்புலன்களின் சாட்சி, நம்பத்தக்கோர் கொடுத்த செய்திகள் ஆகியவற்றை அவர் ஆதாரங்களாக வைத்தார். ஃபிக்ஹு பயின்றவர் அல்லவா! நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்துவது போலவே ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் பெரும்பாலும் மாள்கிறார். ஒதுங்கி இருந்தவர் தப்புகிறார். இது முதல் சாட்சி. நோயுற்றவரின் ஓர் ஆடையோ பாத்திரமோ ஒரு வீட்டுக்குள் சென்றால், அவ்வீட்டில் நோய் எழுகிறது. நோயில் இறந்தவரின் காதணியை வாங்கி அணிந்தவருக்கும் அழிவு நேர்ந்தது. இது இரண்டாம் சாட்சி. ஊரில் முதலில் ஒரு வீட்டில் நோய் தோன்றுகிறது. பின்னர் அண்டை வீட்டார், உறவினர், நலம் விசாரிக்க வந்தோர் என்று பழகிய வரிசையிலேயே அது படர்கிறது. இது மூன்றாம் சாட்சி. நலமாயிருந்த துறைமுக நகருக்கு, நோயுள்ள நாட்டிலிருந்து ஒருவர் கப்பலில் வந்து இறங்குகிறார். அவர் வந்த நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒத்துப்போகின்றன. இது நான்காம் சாட்சி.

ஐந்தாம் சாட்சி தப்பியோரைப் பற்றியது. மொரோக்கோவின் ஸலா நகரில் இப்னு அபீ மத்யன் என்ற நல்லடியார் இருந்தார். தொற்று உண்டு என்று நம்பிய அவர், தேவையான உணவைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பெரிய குடும்பத்தோடு தம் வீட்டு வாயிலை அடைத்துவிட்டார். நகரம் அழிந்தது, அவ்வீடு தப்பியது. ஆப்பிரிக்கப் பாலைவெளியில் கூடாரங்களில் தனித்து வாழ்ந்த நாடோடி மக்களும் நலமாயிருந்தனர். ஸெவில் நகரில் கப்பல் கட்டும் தளத்தில் அடைக்கப்பட்டிருந்த முஸ்லிம் கைதிகளும், நகரம் முழுவதும் நோய் எரிந்தபோது தப்பி இருந்தனர்.

ஹதீஸும் கண்கண்ட உண்மையும்

தொற்று என்பது இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறதே என்று அக்கால உலமாக்கள் பலர் வாதிட்டனர். மார்க்கப் பற்றுள்ள எவரையும் தயங்கவைக்கும் கேள்வி இது. நாமும் இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் அவ்வாறு அருளியபோது, நலமான ஒட்டகங்களின் நடுவே சொறி பிடித்த ஒட்டகம் ஒன்று கலந்தால் எல்லாவற்றுக்கும் சொறி வருகிறதே என்று ஒரு கிராமவாசி கேட்டார். அப்படியாயின் முதல் ஒட்டகத்துக்கு அதைத் தொற்றவைத்தது யார் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நோய்க்குத் தானாக இயங்கும் ஆற்றல் உண்டு என்ற அறியாமைக் கால நம்பிக்கை அவ்வினாவில் தகர்ந்தது. அதே அண்ணலார் (ஸல்) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு நீருக்குக் கொண்டுசெல்ல வேண்டாம் என்று தடுத்தார்கள். தொழுநோயாளியிடமிருந்து விலகி இருக்கும்படி கூறினார்கள். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் செல்லவும், அங்கிருப்போர் அதைவிட்டு ஓடவும் தடை விதித்தார்கள்.

இவை ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல. இமாம் பைஹகீ (ரஹ்), இமாம் நவவீ (ரஹ்) போன்ற பெரியோர்கள் இவற்றை இணைத்து விளக்கியுள்ளார்கள். நோய் தன் சொந்த ஆற்றலால் தொற்றுவதில்லை. அல்லாஹ் நாடும்போது, நோயாளியோடு கலந்து பழகுவது நோய்க்குக் காரணமாக ஆக்கப்படுகிறது. நெருப்பு சுடுவதும், நீர் தாகம் தீர்ப்பதும் எப்படியோ, அப்படியே இதுவும். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தம் அருமைப் பெண்மக்களையும் கொள்ளை நோயில் இழந்தவர்கள். அன்னார் இதில் வேறு கருத்துக் கொண்டிருந்தார்கள். ஆயினும் விலகியிருக்கச் சொன்ன ஹதீஸ்களை அவர்களும் செயலளவில் விடவில்லை.

ஹதீஸின் வெளிப்பொருள் கண்கண்ட உண்மையோடு மோதுவதாகத் தோன்றினால், ஹதீஸுக்கு உரிய விளக்கத்தைத் தேட வேண்டுமே அல்லாது கண்கண்டதை மறுக்கலாகாது என்பது இப்னுல் கதீபின் நிலை. மார்க்கத்திலேயே அதற்கு ஆதரவு உண்டு என்று காட்ட, நோயுற்ற ஒட்டகங்களைப் பற்றிய ஹதீஸையும் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் செயலையும் அவர் எடுத்து வைத்தார். சிரியா எல்லையில் ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளை நோய் இருப்பதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள். விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட கலீஃபா விடை பகர்ந்தார்கள்.

ஃபத்வாவின் சுமை

இப்னுல் கதீபின் பேனா மிகக் கடுமையாகியது ஓர் இடத்தில்தான். தொற்று இல்லை, அஞ்சாமல் பழகுங்கள் என்று ஃபத்வா கொடுத்தவர்களைப் பற்றி அவர் எழுதும் இடம் அது. அத்தகைய ஃபத்வா மக்களின் மீது உருவிய வாளுக்கு ஒப்பானது என்பது அவர் கருத்து. முஃப்தியின் வாக்கை நம்பி நோயாளியின் பாத்திரத்தில் உண்டவர் இறந்தால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? ஆப்பிரிக்கக் கரையில் இறையச்சமுள்ள சிலர், தாம் முன்பு கொடுத்த ஃபத்வாவைச் சாட்சிகளை வைத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் அவர் குறிப்பிட்டார். மக்களை அழிவில் தள்ளிய பாவம் தம் கழுத்தில் ஏறுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். அவ்வச்சம் கல்வியின் அணிகலன் என்பதில் ஐயமில்லை.

அரியணையும் சிறைக்கூடமும்

1354ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் அன்று, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த மன்னர் யூஸுஃபை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். அவருடைய மகன் ஐந்தாம் முஹம்மது பட்டத்துக்கு வந்தார். இப்னுல் கதீப் தம் பதவியில் தொடர்ந்தார். 1359இல் அரண்மனைச் சதி ஒன்று இளம் மன்னரை வீழ்த்தியது. இப்னுல் கதீபின் உடைமைகள் பறிக்கப்பட்டன. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். மொரோக்கோவின் மரீனிய சுல்தான் அபூ ஸாலிம் தலையிட்டதால் விடுதலை பெற்று, தம் மன்னரோடு கடல் கடந்து சென்றார். ஸலா நகரில் தங்கிப் பல நூல்களை இயற்றினார்.

1362இல் ஐந்தாம் முஹம்மது அரியணையை மீட்டார். இப்னுல் கதீபும் திரும்பினார். எழுதுகோலும் ஆட்சியும் ஒருங்கே அவர் கையில் வந்தன. கிரனாடாவின் வரலாற்றையும் அங்கு வாழ்ந்த பெரியோர்களையும் கூறும் அல்இஹாத்தா என்னும் பெருநூல் அவருடைய புகழை நிலைநிறுத்தியது. பருவங்களுக்கு ஏற்ப உடல்நலம் பேணுவது குறித்தும் ஒரு நூல் எழுதினார். அவர் இயற்றிய நூல்கள் 60க்கும் மேற்பட்டவை என்பர்.

புகழ் வளர்ந்த இடத்தில் பொறாமையும் வளர்ந்தது. அவர் தாமே வளர்த்த மாணவரான கவிஞர் இப்னு ஸம்ரக்கும், ஒரு காலத்தில் நண்பராயிருந்த காளியும் அவருக்கு எதிராகத் திரும்பினர். நிலைமையை உணர்ந்த இப்னுல் கதீப், 1371இல் எல்லைக் கோட்டைகளைப் பார்வையிடுவதாகக் கூறிப் புறப்பட்டு, ஜிப்ரால்டர் வழியாக மரீனிய சுல்தான் அப்துல் அஜீஸிடம் அடைக்கலம் புகுந்தார். கிரனாடாவில் அவர்மீது மார்க்க விரோதக் குற்றம் சாட்டப்பட்டது. இறைக்காதலைப் பற்றி அவர் எழுதிய தஸவ்வுஃப் நூலே அதற்கு முதன்மைக் காரணமாகக் காட்டப்பட்டது. அவர் நூல்கள் நகரின் நடுவே தீயிலிடப்பட்டன.

அடைக்கலம் கொடுத்த சுல்தான் 1372இல் மறைந்தார். 1374இல் ஃபாஸ் நகரின் ஆட்சி கிரனாடாவின் துணையோடு கைமாறியது. இப்னுல் கதீப் சிறைப்பட்டார். விசாரணையின்போது கிரனாடாவின் தூதராக எதிரே வந்து நின்றவர், அவரிடம் கவிதை கற்ற இப்னு ஸம்ரக்! சித்திரவதைகள் நடந்தன. அவர் மரண தண்டனைக்கு உரியவர் என்று சில ஃபகீஹுகள் ஃபத்வா கொடுத்தனர். இப்னு கல்தூன் அவரைக் காப்பாற்ற முயன்றும் பலிக்கவில்லை. ஓர் இரவு அடியாட்கள் சிறைக்குள் புகுந்து அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர். ஃபாஸ் நகரின் மஹ்ரூக் வாயிலருகே அவர் உடல் அடக்கப்பட்டது. மறுநாள் அக்கபுரு தோண்டப்பட்டு, உடல் நெருப்பில் இடப்பட்டு, மீண்டும் அடக்கப்பட்டது. இரண்டு கபுரு உடையவர் என்ற பட்டம் அவருக்கு இவ்வாறு வந்தது.

ஆராயாமல் கொடுக்கும் ஃபத்வா உருவிய வாள் என்று எழுதியவரின் உயிரும் ஃபத்வாவின் நிழலிலேயே பிரிந்தது. இப்னு ஸம்ரக்கும் நிம்மதியாக மாளவில்லை. சுமார் 1393இல் தம் வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார்.

நெருப்பில் எரியாத நூல்

ஆயினும் அறிவை எரிக்க இயலுமா? கொள்ளை நோய் பற்றிய அவருடைய நூலின் கையெழுத்துப் பிரதி ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் தங்கியது. 1863இல் ஜெர்மனியில் அது அச்சேறியது. அவர் மறைந்து 520 ஆண்டுகள் சென்ற பின், 1894இல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்ஸின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1898இல் கராச்சியில் ஆய்வு நடத்திய பால் லூயி ஸிமோன், எலியின் தெள்ளுப்பூச்சி அக்கிருமியைக் கடத்துகிறது என்று காட்டினார். ஆடையும் படுக்கையும் ஏன் ஆபத்தாயின என்பது அப்போது விளங்கிற்று. அவற்றில் தெள்ளுப்பூச்சிகள் தங்கியிருந்தன. காதணி அணிந்தவரும், அதனால் அன்றி, நோயுள்ள வீட்டோடு கொண்ட நெருக்கத்தால் நோயுற்றிருக்கக்கூடும்.

இரத்தம் துப்பியோர் அருகிலிருந்தவர்கள் ஏன் விரைந்து மாண்டனர் என்பதும் விளங்கிற்று. கிருமி நுரையீரலை அடைந்துவிட்டால், இருமலில் தெறிக்கும் சளித்துளிகளே அதை அடுத்தவரின் மூச்சுக்குள் சேர்க்கின்றன. அதற்குத் தெள்ளுப்பூச்சி தேவையில்லை. 1910-11இல் மஞ்சூரியாவில் இவ்வகை நோய் சுமார் 60,000 பேரைக் கொன்றபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, சல்லாத்துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை அணியச்செய்து போராடினார். நோயாளியின் மூச்சைப் பற்றி அல்மரிய்யாவில் இப்னு காதிமா எழுதியதும் இதைத்தானே!

2020இல் உலகை உலுக்கிய கொரோனா நோய் வேறு வகைக் கிருமியால் வந்தது. ஆனால் அது பயணம் செய்த பாதை இதற்கு நெருக்கமானது. பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வாயிலும் மூக்கிலும் இருந்து வெளிப்படும் ஈரத்துளிகள் வழியே அது பரவியது. காற்றோட்டமில்லாத அறைகளில் நுண்துளிகள் மிதந்து நின்று நோயைத் தந்தன. நோயாளிகளின் மலத்திலும் கிருமியின் சுவடுகள் காணப்பட்டன. எனினும் பரவல் மிகப் பெரும்பாலும் மூச்சின் வழியேதான் நிகழ்ந்தது என்று ஆய்வுகள் தெளிவாக்கின. தொட்ட பொருள்களால் வந்த ஆபத்து முதலில் அஞ்சிய அளவுக்கு இல்லை.

அவ்வாண்டு நம் பள்ளிவாசல்களின் கதவுகள் அடைபட்டன. ஜும்ஆ நாளில் வீட்டிலேயே லுஹர் தொழுதோம். ஹஜ்ஜும் சவூதிக்குள் வாழ்ந்த மிகச் சிலரோடு மட்டும் நடந்தேறியது. இது ஈமானின் குறைவோ என்று நம் இல்லங்களில் கலங்கியோர் உண்டு. தவக்குல் என்ற பெயரால் எச்சரிக்கையைத் துறந்தோரும் உண்டு. அவர்கள் இருவருக்கும் இப்னுல் கதீபின் வாழ்வில் விடை இருக்கிறது. விலகி நிற்பது விதியை மறுப்பதன்று. பிறர் உயிரைப் பேணுவது மார்க்கத்துக்கு வெளியே உள்ள செயலும் அன்று.

பெருமானார் (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள், ஓசையையும் தாழ்த்திக்கொள்வார்கள். நீர் அருந்தும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதைத் தடுத்தார்கள். பள்ளிவாசலில் எச்சில் உமிழ்வதைக் குற்றம் என்றார்கள். இவற்றைச் சிறு ஒழுக்கங்கள் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நம் எச்சிலும் மூச்சும் பிறருக்குத் தீங்காகிவிடக் கூடாது என்ற பேருண்மை அவற்றுள் அடங்கியிருக்கிறது. நோயுற்ற நாளில் ஜமாஅத்துக்கு வராமல் வீட்டில் தங்குபவரை நாம் குறை கூறலாகாது. அவர் தம் அண்டை வீட்டாரின் உரிமையைக் காக்கிறார்.

கண் தந்த இறைவனே வேதத்தையும் தந்தான். இரண்டையும் பகையாக்காமல் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் கதீபின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவருடைய இரண்டு கபுருகளையும் ஒளியால் நிரப்புவானாக! அறிவோடு கூடிய ஈமானையும், பிறர் உயிரை மதிக்கும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.